கதவுக் கைப்பிடியைக் கட்டடக் கலைஞர் ஏன் வடிவமைக்க வேண்டும்?

கடைகளில் நூறு விதமான கைப்பிடிகள் கிடைக்கும்போது, ஒரு கட்டடக் கலைஞர் தம் கட்டடத்துக்கென்று தனியாக ஒரு கதவுக் கைப்பிடியை வடிவமைப்பது தேவைதானா, அப்படி வடிவமைத்தவை கொடுக்கும் விலைக்கு ஏற்ற பயனைத் தருகின்றனவா என்பது கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் முன்வைக்கும் ஒரு தேவைக்குக் கடைக் கைப்பிடியால் ஈடுகொடுக்க முடியாதபோது மட்டுமே அந்த உழைப்பு நியாயமானது. பார்வைக்குப் புதுமையாக இருப்பது அதற்குப் போதுமான காரணம் ஆகாது. இதைச் சற்று விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது. புகழ்பெற்ற கைப்பிடிகளில் பெரும்பாலானவற்றை நாம் ஒளிப்படத்தில்தான் பார்த்திருக்கிறோம். எடை, விளிம்பின் கூர்மை, அழுத்தும்போது ஸ்பிரிங் தரும் எதிர்ப்பு ஆகிய முக்கியமான மூன்றும் எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

முதலில் பொறியமைப்பைப் பார்க்கலாம். நாம் அன்றாடம் அழுத்தித் திறக்கும் லீவர் கைப்பிடி ஒரு நெம்புகோல். கதவின் தடிமனுக்குள் பொதித்திருக்கும் மார்டைஸ் பூட்டின் ஊடே ஒரு சதுரக் கம்பி செல்கிறது. ஸ்பிண்டில் என்று சொல்லப்படும் அந்தக் கம்பி பெரும்பாலும் 8 மி.மீ. பக்க அளவு உடையது. அதன் இரு முனைகளிலும் கைப்பிடிகள் பொருந்துகின்றன. கைப்பிடியை அழுத்தினால் கம்பி திரும்பிப் பூட்டின் நாக்கை உள்ளே இழுக்கும். விட்டால் ஸ்பிரிங் அதை முன்போலவே வெளியே தள்ளும். கைப்பிடி நீளமாக இருந்தால் அழுத்துவது எளிது. ஆனால் நீளம் கூடக் கூட அதன் எடையே அதைக் கீழே இழுக்கத் தொடங்கும். ஒரே அளவு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு எடையுள்ள பித்தளையில் திண்மமாக வார்த்த நீண்ட கைப்பிடிகள், சாதாரண ஸ்பிரிங் கொண்ட பூட்டில் மாட்டப்பட்டால் சில ஆண்டுகளிலேயே தொங்கிப்போவதற்கு இதுவே காரணம். அவற்றுக்கு வலுவான ஸ்பிரிங் உள்ள பூட்டோ, கதவோடு ஒட்டியிருக்கும் வட்டத் தகட்டுக்குள் தனி ஸ்பிரிங்கோ வேண்டும். வரைபடத்தில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், இந்தக் கணக்கைப் போடாத கைப்பிடி நிலைப்பதில்லை.

இன்னொரு அளவும் கவனிக்கத்தக்கது. கதவின் விளிம்பிலிருந்து ஸ்பிண்டில் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைப் பேக்செட் என்பார்கள். மரக்கதவில் அது 55 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கைக்கு இடம் கிடைக்கும். ஒல்லியான சட்டம் கொண்ட அலுமினியக் கதவில் அது மிகவும் குறைந்துவிடுவதால், கதவை இழுக்கும்போது விரல் முட்டிகள் நிலையில் உரசும். கைப்பிடியின் கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து, பிடிக்கும் பகுதியை நிலையிலிருந்து தள்ளி வைப்பதே அதற்கான தீர்வு. கதவின் அளவே கைப்பிடியின் வடிவத்தை நிர்ணயிக்கும் இத்தகைய இடங்களில்தான் கட்டடக் கலைஞரின் பங்கு உண்மையில் தொடங்குகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஃபின்லாந்தின் பைமியோ நகருக்கு அருகிலுள்ள காசநோய் மருத்துவமனை. 1929-இல் நடந்த போட்டியில் வென்று ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த அந்தக் கட்டடம் 1933-இல் நிறைவடைந்தது. நாள் முழுவதும் கதவு கதவாகப் போய்வரும் மருத்துவர்களின் வெள்ளை அங்கியின் அகன்ற கை, நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி முனையில் மாட்டிக் கிழிவது அங்கே உண்மையான தொல்லையாக இருந்திருக்கும். அதனால் ஆல்ட்டோ கைப்பிடியின் முனையைக் கதவுப் பக்கமே வளைத்துத் திருப்பினார். நம் ஊரில் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் நேரான லீவரில் சிக்கி இழுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வளைவின் அருமை புரியும். இன்று ஐரோப்பாவில் அவசர வெளியேறும் கதவுகளுக்கான ஈஎன் 179 தரவரையறையும் இதே வடிவத்தைத்தான் எதிர்பார்க்கிறது: புகையில் ஓடுகிறவரின் ஆடையோ பையின் வாரோ மாட்டாதபடி, கைப்பிடியின் முனை கதவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டடத்தின் தேவையைக் கவனித்து எழுந்த வடிவம் இன்றைய பாதுகாப்பு விதியோடு ஒத்துப்போவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஆல்ட்டோ பிற்காலத்தில், ஹெல்சிங்கியின் ரவுத்தத்தாலோ கட்டடத்துக்காக, செங்குத்தாக நிற்கும் வளைந்த வெண்கல இழுபிடி ஒன்றை வடிவமைத்தார். அதன் சிறப்பு, அதை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டோ மூன்றோ அடுக்கலாம் என்பதுதான். அதனால் குழந்தை, உயரமானவர், சாமான் சுமந்து வருபவர் என யார் வந்தாலும் அவரவர் கை எட்டும் உயரத்தில் ஒரு பிடி இருக்கும். ஆல்ட்டோ அதே இழுபிடியைத் தம் வேறு கட்டடங்களிலும் பயன்படுத்தினார். சைனாத்சாலோ ஊராட்சி மன்றக் கட்டடத்தில் அவருடைய கைப்பிடிகள் தோலால் சுற்றப்பட்டிருக்கின்றன. பனிக்காலத்தில் வெற்று உலோகத்தைத் தொடுவது எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தோல் அலங்காரத்துக்காகச் சுற்றப்பட்டதாகத் தோன்றாது.

இதற்கு நேர்மாறான பாதையில் போனவர் ஜெர்மன் கட்டடக் கலைஞர் வால்ட்டர் கிரோப்பியஸ். 1920-களின் தொடக்கத்தில் அடால்ஃப் மேயருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கைப்பிடியில் இரண்டே கூறுகள்தாம்: சதுர வெட்டுமுகம் கொண்ட, மடங்கிய ஒரு தண்டு; அதன் மேல் உருளை வடிவமான பிடி. ஆல்ஃபெல்டிலுள்ள ஃபாகுஸ் தொழிற்சாலைக்காக உருவான இந்தக் கைப்பிடி, பின்னர் டெஸ்ஸாவில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் கட்டடத்திலும் இடம்பெற்றது. கைப்பிடியின் உறுப்புகள் எவை, அவை எங்கே சந்திக்கின்றன என்பதை மறைக்காமல் காட்டுவதே அதன் நோக்கம். உருளை விரல்களுக்கு இணக்கமானது. சதுரத் தண்டு அதே சதுர ஸ்பிண்டிலின் தொடர்ச்சி. இன்று உலகெங்கும் மலிவு விலையில் விற்கும் லீவர்களில் எத்தனையோ இதன் பேரப்பிள்ளைகள். இதைத் தயாரித்த பெர்லின் வார்ப்பகமான எஸ்.ஏ. லோவி ஒரு யூதக் குடும்பத்தின் நிறுவனம். ஜெர்மன் நாடாளுமன்றத்தின் முகப்பில் 'ஜெர்மன் மக்களுக்கு' என்று பொறித்திருக்கும் எழுத்துகளை 1916-இல் வார்த்ததும் அவர்களே. நாஜி ஆட்சியில் அந்தக் குடும்பம் தொழிலை இழந்தது. அதன் உறுப்பினர்கள் சிலர் கொல்லப்பட்டனர். அக்கைப்பிடியின் வரலாற்றைச் சொல்லும்போது வடிவமைத்தவரின் பெயரை மட்டும் சொல்லி வார்த்தவர்களை விட்டுவிடுவது சரியாகாது என்று நினைக்கிறேன்.

மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்டைன் 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தம் சகோதரி மார்கரெத்துக்காக, கட்டடக் கலைஞர் பால் எங்கெல்மனுடன் சேர்ந்து கட்டிய வீட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே கைப்பிடி, சாவித்துளை, ரேடியேட்டர் எல்லாம் அவரே அளவு கொடுத்துச் செய்தவை. கைப்பிடியைச் சுற்றி மூடுதகடு கிடையாது; கதவின் உலோகத்திலிருந்து நேராக வெளிவருகிறது. மூடுதகடு என்பது துளையின் பிசிறை மறைப்பதற்கு உரியது. அதை நீக்கினால், துளை போடுபவருக்கு மில்லிமீட்டர் அளவுகூடப் பிழை செய்ய இடமில்லை. ஒரு சாவித்துளை குறித்து, ஒரு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ இருந்தால் உங்களுக்கு அவ்வளவு முக்கியமா என்று பூட்டுக் கொல்லர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவர் உரக்க 'ஆம்' என்று சொன்னதை, அவருடைய மற்றொரு சகோதரி ஹெர்மீன் தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். நான் அந்த வீட்டின் கைப்பிடியை மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதை முன்மாதிரியாகக் கொள்ளுமாறு இளைய கட்டடக் கலைஞர்களுக்குச் சொல்லத் தயங்குவேன். அந்த அளவுத் துல்லியத்துக்குத் தேவையான கொல்லரும் காலமும் பணமும் ஒரே இடத்தில் அமைவது மிக அரிது.

இனி இக்காலத்துக்கு வருவோம். இன்று கட்டடக் கலைஞர்கள் பெயரில் கைப்பிடிகள் விற்பனைக்கு வருகின்றன என்றால், அதில் ஜெர்மனியின் பிராக்கல் என்ற சிற்றூரில் 1986-இல் நடந்த ஒரு பட்டறைக்கு முக்கியப் பங்கு உண்டு. எஃப்எஸ்பி என்ற கைப்பிடி நிறுவனம் அதை நடத்தியது. மாரியோ போட்டா, பீட்டர் ஐசன்மன், ஹான்ஸ் ஹோலைன், அரட்டா இசொசாகி, அலெஸ்ஸாண்ட்ரோ மெண்டினி, டீட்டர் ராம்ஸ் உள்ளிட்டோர் அழைக்கப்பட்டு, ஒரே பொருளுக்குத் தத்தம் விடைகளைக் கொண்டுவந்தனர். கட்டடக் கோட்பாட்டையே கைப்பிடியில் எழுதிக் காட்ட முயன்றவர்கள் அவர்களில் இருந்தார்கள்; ராம்ஸ் போலக் கையின் அசைவிலிருந்து தொடங்கியவர்களும் இருந்தார்கள். கை எங்கே படுகிறதோ அங்கே வெப்பம் கடத்தாத நெகிழிப் பொருளை வைப்பது ராம்ஸின் வழி. அது தோற்றத்தில் எளியது. ஆனால் குளிரிலும் வெயிலிலும் கைக்கு அதன் பயன் தெரியும்.

எஃப்எஸ்பி நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐஹர், பிடித்தலைப் பற்றி வகுத்த நான்கு கூறுகள்தாம் இத்துறையில் இதுவரை எனக்கு மிகவும் உதவியவை. முதலாவது பெருவிரலுக்கான தடை. நாம் கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரல் கழுத்துப் பகுதியில் சென்று நிற்க ஓர் இடம் தேடுகிறது. அந்த இடம் இல்லாவிட்டால் கை முன்னே சறுக்கிக் கதவில் இடிக்கும். இரண்டாவது சுட்டுவிரலுக்கான பள்ளம். கைப்பிடியின் அடியில் சுட்டுவிரல் வழிகாட்டியாகச் செயல்படுகிறது. இருட்டில் கைப்பிடியைத் தேடிப் பிடிப்பவர் முதலில் உணர்வது அதைத்தான். மூன்றாவது உள்ளங்கையின் திரட்சிக்கான தாங்கல். அழுத்தும் விசை உண்மையில் வருவது விரல்களிலிருந்து அல்ல, உள்ளங்கையின் அடிப்பகுதியிலிருந்துதான் என்பதால் கைப்பிடியின் மேற்பரப்பு அங்கே அகன்று உருண்டிருக்க வேண்டும். நான்காவது பிடிக்கும் கனம், அதாவது கை மூடிக்கொள்ளும்போது உள்ளே நிறைந்திருக்கும் அளவு. தட்டையான மெல்லிய தகட்டுக் கைப்பிடிகள் கையில் வெறுமையாக உணரப்படுவது இந்த நான்காவது கூறு அவற்றில் இல்லாததால்தான்.

ஐஹர் இந்தக் கூறுகளை முன்வைத்தபோது, அவற்றை முன்கூட்டியே நிறைவேற்றிய கைப்பிடிகள் அதே நிறுவனத்தில் இருந்தன. 1950-களில் அங்கே பணிபுரிந்த யொஹான்னஸ் பொட்டென்ட செய்தவை அவை. அவர் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர். கையால் மாதிரி செய்து, பிடித்துப் பார்த்து, மீண்டும் செதுக்கிய தொழில்வல்லுநர். கட்டடக் கலைஞரின் பெயர் ஒரு கைப்பிடிக்குத் தகுதிச் சான்று ஆகாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அதே 1950-களில் டென்மார்க்கின் ஆர்ன யாக்கோப்ஸன் கோபன்ஹேகனின் எஸ்ஏஎஸ் ராயல் விடுதிக்காக வடிவமைத்த கைப்பிடி, மூடிய கையின் உள்வளைவைப் பின்பற்றி மெல்ல வளைந்து செல்கிறது. இன்றும் அது தயாரிப்பில் இருக்கிறது. இத்தாலியில் ஜியோ பொன்ட்டி செய்த 'லாமா', பெயரின் பொருளுக்கேற்பக் கத்தியின் அலகு போல மெலிந்தது. ஐஹரின் நான்காவது கூறோடு அது முரண்பட்டாலும், மிலானில் அவரே வடிவமைத்த, மெலிந்து உயர்ந்த பிரெல்லி கோபுரத்தின் கதவுகளில் அது பொருத்தமாகவே இருந்தது.

ஸஹா ஹதீதின் கைப்பிடிகள் பற்றிக் கேட்பவர்கள் பலர். 2005-இல் மாட்ரிட்டின் புவெர்த்தா அமெரிக்கா விடுதியில் ஒவ்வொரு தளமும் வெவ்வேறு கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஒரு தளத்தைச் சுவர், கட்டில், கழுவுதொட்டி எல்லாம் ஒரே வளைந்தோடும் பரப்பாக அவர் அமைத்தார். அத்தகைய அறையில் கடைக் கைப்பிடி ஒன்றை மாட்டியிருந்தால் அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் அடித்தகடும் லீவரும் பிரியும் இடமே தெரியாத கைப்பிடியை அவர் நாடியதை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தக் கைப்பிடியையே வாங்கி, நேர்க்கோட்டுச் சுவர்களும் சாதாரணத் தேக்குக் கதவுகளும் உள்ள அடுக்குமாடி வீட்டில் மாட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே அது ஒரு நகை மட்டுமே.

நமக்கு அருகிலேயே, புதுச்சேரியில், மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியை அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஃபிரான்ஸ்வா சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் களத்தில் இருந்து அதைக் கட்டினார்கள். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1940-களில் முடிந்தது. இந்தியாவில் அதற்கு முன் அத்தகைய கான்கிரீட் கட்டடம் எழுந்ததில்லை என்பதால் அதற்கேற்ற கதவுப் பொருள்களைக் கடையில் வாங்கும் வாய்ப்பு குறைவு, போர்க்காலம் வேறு. அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, ஆசிரமத்தின் பட்டறையிலேயே கீல்களும் பிடிகளும் தாழ்களும் வார்த்தார்கள். காற்றோட்டத்துக்கு வழிவிடும் இழுப்புக் கதவுகளிலும், திறந்து மூடும் லூவர் பலகைகளிலும் அந்தப் பித்தளை இன்றும் வேலை செய்கிறது. கடைக் கைப்பிடி விடை சொல்ல முடியாத இடம் என்று தொடக்கத்தில் நான் சொன்னதற்கு இதுவே முழுமையான பொருள். யாரோ ஒருவர் வீட்டுச் சொம்பும் குடமும் இன்று ஒரு கதவின் பிடியாக இருக்கின்றன என்ற எண்ணம், அந்தக் கட்டடத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னை நெகிழச் செய்கிறது.

பொருள் பற்றிச் சில சொற்கள். செம்பும் செம்பு மிகுந்த பித்தளையும் தம் மேல் படும் நுண்ணுயிர்களை அழிக்கும் தன்மை உடையவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் செம்புக் கலவைகள் பலவற்றை அந்தத் தன்மைக்காகவே பதிவு செய்தது. ஆனால் பளபளப்பு போகாமலிருக்க மேலே பூசும் அரக்குப் படலம் அந்தப் பயனை மறைத்துவிடும். பித்தளையை வெறுமையாகவே விட்டு, தொடத் தொட அது நிறம் மாறுவதை ஏற்றுக்கொள்வதே நல்லது. கடற்கரை ஊர்களில் எவர்சில்வர் கைப்பிடி வாங்குபவர்கள் 304 வகையைத் தவிர்த்து, மாலிப்டினம் கலந்த 316 வகையைக் கேட்டு வாங்க வேண்டும். உப்புக்காற்றில் முன்னது பழுப்புக் கறை படிந்துவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியவை விலை குறைந்தவை. அவற்றில் பூச்சு ஒருமுறை உரிந்தால் சரிசெய்ய வழியில்லை.

யாருக்காக வடிவமைக்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தின் தரவரையறை, கதவின் பிடி ஒரு கையால் இயக்கக்கூடியதாக, இறுக்கிப் பிடிக்கவோ மணிக்கட்டை முறுக்கவோ தேவையில்லாததாக, ஏறக்குறைய 22 நியூட்டனுக்கு மேற்படாத விசையில் இயங்குவதாக இருக்க வேண்டும் என்கிறது. வான்கூவர் நகரம் புதிய வீடுகளில் உருண்டைக் குமிழ்களைத் தவிர்த்து லீவர் வைக்க வேண்டும் என்று 2013-இல் விதி செய்ததும் இதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்காக நான் வடிவமைத்த பித்தளைக் கைப்பிடி, கூரிய விளிம்புகள் கொண்ட சதுரத் தண்டாக இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அந்த வீட்டிலிருந்த மூட்டுவலி உள்ள மூத்த அம்மா மட்டும் அதைக் கையால் தொடாமல் முன்கையால் அழுத்தித் திறந்துகொண்டிருந்தார். கேட்டபோது, "பிடிச்சா உறுத்துதுப்பா" என்றார். அத்தனை கைப்பிடிகளையும் கழற்றி, அடிப்புற விளிம்பை உருட்டி, மேற்பரப்பை அகலமாக்கி மீண்டும் வார்க்கச் செய்தேன். முதலிலேயே அவரிடம் ஒரு மாதிரியைக் கொடுத்திருந்தால் அந்தச் செலவு நேர்ந்திருக்காது.

ஆகவே, தம் கட்டடத்துக்குக் கைப்பிடி வடிவமைக்க முடிவு செய்தவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். திரையில் வரைவதற்கு முன் களிமண்ணிலோ மென்மரத்திலோ உண்மை அளவில் நாலைந்து வடிவங்கள் செய்து, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். அவற்றில் தேறியதை முப்பரிமாண அச்சில் எடுத்து, ஸ்பிண்டில் துளையோடு, வாங்கப்போகும் அதே பூட்டில், ஒரு பழைய கதவில் மாட்டுங்கள். நெகிழி மாதிரி எடையற்றது என்பதால் அதற்குள் ஈயக்குண்டு நிரப்பி உலோகத்தின் எடைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் தாங்குமா என்பது அப்போதுதான் தெரியும். இடக்கைக் கதவுக்கும் வலக்கைக் கதவுக்கும் ஒரே வார்ப்பு பொருந்துமா, இரண்டு அச்சுகள் வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். அந்தக் கதவை அலுவலகத்தில் எல்லோரும் போய்வரும் இடத்தில் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். தேநீர்த் தட்டோடு வருபவர் முழங்கையால் திறக்கிறாரா, வளையல் மாட்டுகிறதா, ஈரக்கை வழுக்குகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். அதன்பிறகு, உலோகம் ஆறும்போது சுருங்குவதற்காக ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு பெரிதாக்கிய மாதிரியை வார்ப்பகத்துக்கு அனுப்பலாம்.